ஒலிச்சித்திரமாகப் போட முடியாத படங்கள்

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். முழுநீளப் படம் ஒன்றைச் சுருக்கி, அதன் ஒலியை மட்டும் ஒலிபரப்புவார்கள். படத்தைப் பார்க்காதவருக்கும் கதை புரியும். அழவேண்டிய இடத்தில் அழுகையும் வரும். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி வசனம், பெங்களூர் அல்சூர் பக்கத்தில் ஏதாவது ஒரு தமிழ் விழா மேடையில் இன்றைக்கும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். 1984இல் வந்த ‘விதி’ படத்தின் கதைவசன கேசட் டீக்கடைகளில் ஓடியே பிரபலமானது. அந்தக் கோர்ட் சீனை மனப்பாடமாகச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் படத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. தமிழ் சினிமா நாடக மேடையிலிருந்து நடந்து வந்தது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து திரை பேசத் தொடங்கிய காலத்தில் நடிகர்களைக் கொடுத்தது மேடை. கதைகளையும் பாட்டுகளையும் கொடுத்ததும் மேடைதான். 1952இல் வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சி, வசனம் மட்டுமே ஒரு படத்தைத் தாங்கி நிற்க முடியும் என்று காட்டியது. நன்றாக எழுதப்பட்ட வசனம் பெரிய இன்பம், அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் காதால் பழகிய ரசனைக்கு ஒரு பின்விளைவு உண்டு. ஒரு பாத்திரம் தன் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். சொல்லாமல் விட்டால் ‘படம் ஸ்லோ’ என்று எழுந்து பாப்கார்ன் வாங்கப் போகிறோம்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிற படம் எடுக்கப்பட்டது பெங்களூரில். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி 1987இல் வெளிவந்த ‘புஷ்பக விமானா’. முழுப் படத்திலும் வசனமே கிடையாது. தமிழில் அதற்கு ‘பேசும் படம்’ என்று குறும்பாகப் பெயர் வைத்தார்கள். கமல்ஹாசனும் அமலாவும் நடித்தார்கள். டினு ஆனந்த் கூலிக்கொலைகாரராக வந்தார். சாங்கி ரோடு பக்கம் போனால் வெள்ளை வெளேரென்று தெரிகிற வின்ட்சர் மேனர் ஹோட்டல்தான் படத்தில் வரும் ‘புஷ்பக்’ ஹோட்டல்.

இப்படி ஒரு படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். கர்நாடகத்தில் பல பத்தாண்டுகளாகப் பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்து வெளியிடும் வழக்கம் இருக்கவில்லை. கன்னடத் திரையுலகம் அதை எதிர்த்தது. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அந்தத் தடைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அதனால் தமிழ்ப் படம் தமிழாகவே வந்தது, தெலுங்குப் படம் தெலுங்காகவே வந்தது. இந்த ஊர் ரசிகர் பாதி புரிந்த மொழியில் முழுப் படத்தைப் பார்த்துப் பழகியவர். சிவாஜி நகரில் ஒரு தமிழ்ப் படம் ஓடினால் அரங்கில் தமிழரும் இருப்பார், பக்கத்து இருக்கையில் உருது பேசுகிறவரும் இருப்பார். வசனத்தில் ஒரு சிலேடை வந்தால் பாதி அரங்கம்தான் சிரிக்கும். ஒருவர் முகத்தில் கோபம் வந்தால் அரங்கம் முழுவதும் நிமிர்ந்து உட்காரும்.

‘பேசும் படம்’ ஊமைப் படம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தெருவின் இரைச்சல் உண்டு, எல். வைத்தியநாதனின் இசை உண்டு. மனிதர்கள் வாய்திறந்து பேச வேண்டிய அவசியம் வராதபடி சூழ்நிலைகளை அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கதை சின்னது. வேலை கிடைக்காத பட்டதாரி ஒருவன் மலிவான லாட்ஜில் இருக்கிறான். குடித்துவிட்டுத் தெருவில் கிடக்கும் பணக்காரர் ஒருவரைத் தன் அறையில் கட்டிப்போட்டுவிட்டு, அவருடைய ஹோட்டல் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வாழ்க்கையை வாழப் போகிறான்.

ஹோட்டல் அறையில் அவனுக்கு முதல் சிக்கல் தூக்கம். மெத்தை, ஏசி, அமைதி எல்லாம் இருக்கின்றன, தூக்கம் மட்டும் வரவில்லை. ஏனென்றால் அவன் லாட்ஜை ஒட்டி ஒரு சினிமாக் கொட்டகை. அந்தச் சத்தத்தில்தான் அவன் தினமும் தூங்கியிருக்கிறான். பழைய அறைக்குப் போய் அந்த இரைச்சலை டேப்பில் பதிவுசெய்து கொண்டுவந்து, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஓடவிட்டுத் தூங்குகிறான். அரங்கம் சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே, இவன் இந்த இடத்துக்குரியவன் அல்ல, இவனுக்கே அது தெரிந்திருக்கிறது என்ற செய்தியும் இறங்கிவிடுகிறது. இதையே ஒரு வசனகர்த்தாவிடம் கொடுத்திருந்தால் ‘ஏழைக்குப் பஞ்சு மெத்தையிலும் தூக்கம் வராது’ என்று ஒரு வரி எழுதியிருப்பார். கைதட்டலும் வாங்கியிருக்கும். ஆனால் அந்த வரி வந்தவுடன் பார்ப்பவனுக்கு வேலை முடிந்துவிடுகிறது. டேப் ரிக்கார்டர் காட்சியில் வேலை அவனிடமே இருக்கிறது.

அதே படத்தில் ஒரு பிச்சைக்காரர் வருகிறார். நாயகன் தன்னிடம் இருக்கும் காசை அவரிடம் பெருமையாகக் காட்டுவான். அவரோ தான் சேர்த்து வைத்திருப்பதைக் காட்டுவார், அது இவனுடையதைவிட அதிகம். வேடிக்கைக் காட்சி, சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். பிறகு ஒருநாள் அந்தப் பிச்சைக்காரர் செத்துக் கிடக்கிறார். உடம்புக்கு அடியில் பணம் இருப்பது தெரிந்ததும் கூட்டம் அதைப் பொறுக்குவதற்கு அடித்துக்கொள்கிறது, பிணத்தைச் சீந்துவாரில்லை. நாயகன் நின்று பார்க்கிறான். அவன் மனம் மாறுகிற இடம் அதுதான். ‘பணம் நிலையில்லாதது’ என்று யாரும் பாடவில்லை. நாம் முன்பு சிரித்த அதே பணம், அதே மனிதர். முதல் காட்சி இல்லாமல் இரண்டாவது காட்சி மட்டும் இருந்திருந்தால் அது வெறும் சமூகக் கருத்து.

வசனமின்றி உணர்வைக் கடத்துவது என்றால் அமைதியாக இருப்பது என்றும், நடிகர் கண்ணில் நீர் தேக்கிக்கொண்டு வெறித்துப் பார்ப்பது என்றும் பலர் நினைக்கிறார்கள். நான் புரிந்துகொண்ட வரையில் அது முன்கூட்டியே செய்யும் வேலை. ஒரு பொருளையோ, இடத்தையோ, பழக்கத்தையோ படம் முதலில் நமக்கு அறிமுகம் செய்ய வேண்டும். அப்போது அதற்கு எந்தக் கனமும் இருக்கக் கூடாது. பாதிப் படம் போன பிறகு அதே பொருள் திரும்ப வரும்போது, நடுவில் நடந்ததையெல்லாம் பார்ப்பவனே அதன் மேல் ஏற்றிக்கொள்வான். ‘பேசும் படம்’ முடியும்போது அமலா ரோஜாவோடு ஒரு தாளில் முகவரி எழுதிப் போடுகிறார். நாயகன் கையில் ரோஜா நிற்கிறது, தாள் காற்றில் பறந்து சாக்கடையில் விழுகிறது. இரண்டு மணி நேரம் அவனோடு சுற்றியிருக்காவிட்டால் அது குப்பைத் தாள்.

முகத்தைப் பற்றி ரஷ்யர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். லெவ் குலேஷோவ் என்ற இயக்குநர் மொஸ்ஜுகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரு குளோசப்பை எடுத்து, அதற்குப் பக்கத்தில் ஒருமுறை சூப் தட்டையும் இன்னொருமுறை சவப்பெட்டியையும் ஒட்டிக் காட்டினார். முகம் மாறவே இல்லை. பார்த்தவர்கள் மட்டும் முதலில் பசியைக் கண்டார்கள், அடுத்ததில் துக்கத்தைக் கண்டார்கள், நடிப்பையும் பாராட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. எடிட்டிங் வகுப்புகளில் இன்றும் முதல் நாளே சொல்லித்தரும் கதை இது. நம் ஊரில் ‘என்னமா நடிச்சிருக்கான்’ என்று பாராட்டப்படும் பல இடங்களில் பாதி பாராட்டு எடிட்டருக்குப் போக வேண்டியது. ஆனால் அவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

எடிட்டர் எடுக்கிற முடிவுகளில் முக்கியமானது, யார் முகத்தைக் காட்டுவது என்பது. மகன் இறந்த செய்தியை ஒருவர் சொல்லும்போது சொல்கிறவரைக் காட்டினால் நமக்குத் தகவல் கிடைக்கிறது, கேட்கிறவரைக் காட்டினால் உணர்வு கிடைக்கிறது. கேட்கிறவரின் முதுகை மட்டும் காட்டினால் இன்னும் அதிகம் கிடைக்கலாம். அவர் முகத்தை நாமே வரைந்துகொள்வோம். எவ்வளவு நேரம் காட்டுவது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். டிவி சீரியலில் ஒரே ரியாக்‌ஷனை மூன்று கோணத்தில், மூன்று இடிச்சத்தத்தோடு காட்டுவதும் ‘காட்டுவது’தான். அதில் பார்ப்பவனுக்கு நுழைய இடம் இல்லை.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடுதான் மொத்தக் கதையும். கடன், ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, சிமென்ட் திருட்டு, பாதியில் நின்றுபோகும் வேலை என்று படம் வீடு கட்டுகிற சலிப்பை அப்படியே நம் மேல் ஏற்றுகிறது. அவளுடைய தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். ஒருநாள் அவர் தனியாகக் கிளம்பி, இன்னும் முடியாத அந்த வீட்டைப் பார்க்கப் போகிறார். உள்ளே நடக்கிறார், சுவர்களைத் தொட்டுப் பார்க்கிறார், முகத்தில் ஒரு பூரிப்பு. பேச அங்கே யாருமில்லை. பின்னால் இளையராஜாவின் இசை. படத்துக்காகப் போட்டதல்ல, 1986இல் தனித் தொகுப்பாக வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’டிலிருந்து எடுத்தது. வீடு திரும்பும் வழியில் அவர் இறந்துபோகிறார்.

அந்தக் காட்சியில் பூச்சு வேலைகூட முடியாத ஒரு சுவரைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு செங்கல்லுக்கும் அந்தக் குடும்பம் என்ன கொடுத்தது என்பது நமக்குத் தெரியும். அதனால் கிழவரின் விரல் சுவரில் படும்போது நமக்கு என்னவோ ஆகிறது. வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஹோசூர் பக்கத்தில் வாங்கிய ஒரு ஃபிளாட் எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கும் பெங்களூர்த் தமிழருக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த வழியில் ‘வீடு’க்கு முன்பே போனவர் மகேந்திரன். 1974இல் வந்த ‘தங்கப்பதக்கம்’ போன்ற வசனம் நிறைந்த படங்களுக்கு எழுதிப் பேர் வாங்கியவர், 1978இல் ‘முள்ளும் மலரும்’ படத்தைத் தானே இயக்கியபோது வசனத்தைக் குறைத்தார். எழுதத் தெரியாதவர் குறைத்தால் அது இயலாமை. இவர் அந்த வித்தையின் உச்சியிலிருந்து இறங்கி வந்தவர். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பாலு மகேந்திராதான் என்பதும் தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது.

ஒலியை எடுத்துவிடுவதும் ஒரு வழி. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) தந்தை ஹரிஹர் பல மாதம் கழித்து வீடு திரும்புகிறார். மகள் துர்கா இறந்தது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, கடைசியில் துர்காவுக்கென்று வாங்கிய சேலையை எடுக்கிறார். தாய் அதை வாங்கிக்கொண்டு உடைந்து அழுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியத்தின் உச்சஸ்தாயி ஒலிக்கிறது. அழுகைச் சத்தம் கேட்டிருந்தால் நாம் ஒரு தாய் அழுவதைப் பார்த்திருப்போம். கேட்காததால் அது எந்தத் தாயின் அழுகையாகவும் ஆகிவிடுகிறது. அப்புறம் அந்த நெக்லஸ். துர்கா திருடினாள் என்று பக்கத்து வீட்டார் பழி சுமத்தி, அவள் இல்லவே இல்லை என்று சாதித்த நெக்லஸ், ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் தம்பி அப்பு கையில் கிடைக்கிறது. அவன் ஒன்றும் சொல்லாமல் அதைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மறுபடி மூடிக்கொள்கிறது. அக்காவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டான். ஒரு பொடியன் தானாக எடுக்கிற முதல் பெரிய முடிவு அது.

நம் படங்களிலும் படிமங்களுக்குப் பஞ்சமில்லை. சாவு என்றால் விளக்கு அணையும், அதிர்ச்சி என்றால் கையிலிருந்து தட்டு விழும், சோகம் என்றால் மழை, முத்தம் என்றால் இரண்டு பூக்கள். இதெல்லாம் வசனம் இல்லாமல் காட்டுவதாகத் தோன்றும். என்னைக் கேட்டால் இவை வேஷம் மாற்றிக்கொண்ட வசனங்கள். விளக்கு அணைந்தவுடன் ‘போய்ட்டாரு’ என்று நம் காதில் விழுந்துவிடுகிறது. எந்தப் படத்திலிருந்து எந்தப் படத்துக்கு எடுத்து ஒட்டினாலும் அதே அர்த்தம்தான் வரும். பதேர் பாஞ்சாலியின் குளத்தை வேறு படத்தில் ஒட்டிப் பாருங்கள், தண்ணீரில் ஏதோ விழுகிறது என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

சமீபத்து உதாரணம் வேண்டுமென்றால் 2018இல் வந்த ‘96’. பள்ளிக் காலத்து நினைவுப் பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கும் ராமின் பெட்டியைப் படம் நமக்கு முன்பே காட்டிவிடுகிறது. கடைசியில் ஜானு விட்டுப்போன உடையை அவன் மடித்து அந்தப் பெட்டிக்குள் வைக்கும்போது அவன் வாழ்க்கை இனி எப்படிப் போகும் என்பது தெரிந்துவிடுகிறது. அந்தப் படத்தில் பேச்சு நிறைய இருக்கிறது. முடிவைப் பேச்சிடம் விடவில்லை.

பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளோடு படம் பார்க்கும்போது இன்னொன்று தெரியவருகிறது. வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும். தமிழ்ப் படம் மல்டிபிளெக்ஸில் ஆங்கில சப்டைட்டிலோடு ஓடும். கேட்கிற வசனம் பாதி புரிந்தாலும் கண் தானாகக் கீழே போய்விடுகிறது. திரையின் அடியில் இரண்டு வரி படித்துவிட்டு நிமிர்வதற்குள் நடிகரின் முகத்தில் வந்த மாற்றம் வந்து போய்விடுகிறது. வசனம் குறைந்த காட்சியில்தான் இந்தப் பிள்ளைகள் முழுத் திரையையும் பார்க்கிறார்கள். எங்கள் அபார்ட்மென்டில் ‘பேசும் படம்’ போட்டபோது, கூலிக்கொலைகாரரின் பனிக்கட்டிக் கத்தி உருகிப்போகும் இடத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையனும் எங்கள் வீட்டுப் பெண்ணும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

ஓடிடியில் நிலைமை எதிர்த்திசையில் போகிறது. கையில் போன், எதிரில் டிவி. கண் போனில் இருக்கும்போது காதுக்கு வராதது நடக்காததற்குச் சமம். அப்படிப் பார்க்கிறவருக்காக எழுதினால் பாத்திரங்கள் தாங்கள் செய்வதையெல்லாம் வாய்விட்டு அறிவிக்க வேண்டியிருக்கும்: ‘நான் இப்ப அவன்கிட்ட போய்க் கேக்கப் போறேன்.’ ஒலிச்சித்திரமே தேவலை, அதில் அறிவிப்பாளராவது தனியாக இருந்தார்.

சும்மா வசனத்தை வெட்டினால் போதும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. வார இறுதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு குறும்படம் எடுக்கும் ஐடி இளைஞர்கள் இந்த ஊரில் ஏராளம். அப்படி ஒரு குழுவின் படத்தைச் சில மாதம் முன்பு பார்த்தேன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மர்பி டவுன் அப்பா, பழக்க தோஷத்தில் தினமும் காலையில் ஷிஃப்ட் நேரத்துக்குக் கிளம்பித் தெருமுனையில் வந்து நிற்கிறார். முதல் வெர்ஷனில் மகன் ஓடிவந்து, “அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி மூணு மாசம் ஆச்சுப்பா” என்று அழுவான். யாரோ சொன்னார்கள் என்று அந்த வரியைத் தூக்கிவிட்டார்கள். இரண்டாவது வெர்ஷனைப் பார்த்தவர்கள், அவர் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவதில் தொடக்கத்தில் ஒரு சின்னக் காட்சி சேர்த்தார்கள். கம்பெனி பஸ் வருகிறது, டிரைவர் கேட்காமலே அந்த மரத்தடியில் நிறுத்துகிறார், அப்பா ஏறுகிறார், அவருக்கென்று ஜன்னலோர இடம் காலியாக இருக்கிறது. படத்தின் கடைசியில் அதே பஸ் வருகிறது, மரத்தடியில் லேசாக வேகம் குறைகிறது, பிறகு போய்விடுகிறது. வசனம் எதுவும் இல்லை. பார்த்தவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், “தம்பி, அந்த இடத்துல ஸ்பீட் பிரேக்கர் இருக்கு, நான் தினமும் அந்த வழியாத்தான் போறேன், எந்த வண்டியும் அங்க ஸ்லோ ஆகும்” என்றார். காட்டுவதில் இருக்கும் ஆபத்தே இதுதான், பார்க்கிறவர் தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பார்ப்பார். டைரக்டர் பையன் யோசித்துவிட்டு, டிரைவர் அரை வினாடி மரத்தடிப் பக்கம் திரும்பிப் பார்க்கிற ஷாட் ஒன்றை எடுத்துச் சேர்ப்பதாகச் சொன்னான். அந்தக் காலை வெளிச்சத்துக்கும் அதே பஸ்ஸுக்கும் மறுபடி அலைய வேண்டும் என்று கேமராக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். வாய்ஸ் ஓவர் போட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றும் ஒரு யோசனை வந்தது. பஸ்ஸுக்கு மறுபடி கேட்டிருக்கிறார்கள்.